அந்தப் புழு நான்தான்

சுகுமாரன் முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு நின்ற காலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

நீல நிற டப்பா. அதிலிருந்து ஒரு குழாய். குழாய் முனையில் புகை மாதிரி மருந்து. கரமனை ஆற்றோரம் இருக்கிற எங்கள் பூங்காவில், வாசலில் இருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும் இடுப்பளவுக்கு வேலிச்செடி உண்டு. அதற்குத்தான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தான்.

“அம்மச்சி, இங்கோட்டு வரண்டா, வராதே! மருந்து அடிக்கிறேன்!” என்று கத்தினான். சுகுமாரன்தான் அங்கே தோட்டக்காரன். பாதி மலையாளம், பாதி தமிழ் பேசுவான். கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி பாதி கூடும், குறையும்.

“எதுக்குய்யா மருந்து?”

“புழு அம்மச்சி! ஏதோ ஒரு ஜாதி புழு கேறியிருக்கு. தளிர் முழுக்கத் தின்னு தீர்த்துட்டு. நோக்கிக்கே, மஞ்சள்னு பேருக்கு ஒரு இலை பாக்கி இல்ல.”

நான் பார்த்தேன். அவன் சொன்னது நிஜம். நடைபாதைக்கு அந்தப் பக்கத்து வேலி, நுனியெல்லாம் மஞ்சளாக, தங்கத் தகடு அடித்த மாதிரி நின்றது. இந்தப் பக்கத்து வேலி வெறும் பச்சை. ஒரு நுனிகூட இல்லை.

என் வலது கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். தின்றது புழு இல்லை. இந்தக் கைதான்.

கைக்கு எட்டும் சுவர்

பொன்முடித் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த கதையைப் போன வாரம் சொன்னேன். வித்துராவில் பஸ் மாறும்போது தகரப்பெட்டியை விட்டுவிட்டு, ஓடிப்போய் எடுத்ததையும் சொன்னேன். வந்து சேர்ந்த பிறகு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லவில்லை. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது கூச்சம் போய்விட்டது.

என் மகன் முருகேசன் லிப்ட் ரிப்பேர் வேலை பார்க்கிறான். அவனும் மருமகள் சிந்துவும் இருக்கிற வீடு கரமனையில் இரண்டாவது மாடி. நல்ல வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர். அட்டைப்பூச்சி கிடையாது. எனக்கென்று ஒரு அறை, அறைக்கு ஒரு ஜன்னல்.

ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கையை நீட்டினால் தொடலாம். நான் தொட்டும் பார்த்தேன். சாம்பல் நிறப் பூச்சு. நடுவே ஒரு விரிசல். அதன் மேலே ஒரு ஏ.சி. பெட்டி, பகல் முழுக்க என் முகத்தில் சூடாக மூச்சுவிடும்.

மலையில் இருந்தவரைக்கும் காலையில் எழுந்தால் என் கண் போகிற தூரத்துக்கு அளவு கிடையாது. இங்கே கண் நாலடி போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடும்.

முதலில் தூக்கம் போயிற்று. பிறகு நாக்கில் ருசி போயிற்று. காரணமே இல்லாமல் அழுகை வரும். ஒரு நாள் அடுப்பில் தோசை கரிந்து புகைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். சிந்து வந்துதான் அடுப்பை அணைத்தாள்.

“அம்மா, உங்களுக்கு எந்தா ஆச்சு?” என்று என் தோளைப் பிடித்தாள். என்ன ஆச்சு என்று எனக்குத் தெரிந்தால் அல்லவா சொல்ல?

டாக்டர் எழுதிய பச்சை

சிந்து ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்குத் தெரிந்த டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாள். சின்ன வயசுப் பெண் டாக்டர். மலையாளத்துக்காரி. தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினாள். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

“அம்மா ஏன் பெருவிரலைப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்க்கறீங்க? வலிக்குதா?”

“வலியில்ல டாக்டர். கறை போயிருச்சு.”

அவ்வளவுதான் சொன்னேன். குபுக்கென்று அழுகை வந்துவிட்டது. சிந்துவுக்கும் ஒன்றும் புரியவில்லை.

தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கு வலது பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு கறை ஏறும். கருப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் ஒரு நிறம். நகத்தின் ஓரம் முழுக்க. கல்யாணத்துக்குப் போகும்போது எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்ப்போம், செங்கல் வைத்துத் தேய்ப்போம். போகவே போகாது. நாற்பது வருஷம் அதைத் திட்டியிருக்கிறேன். இங்கே வந்து ஆறு மாதத்தில், யாரும் தேய்க்காமலே, தானாகப் போய்விட்டது. கை யாரோ ஒருத்தியுடைய கை மாதிரி இருந்தது.

டாக்டர் மாத்திரை எழுதினாள். அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதினாள். வீட்டுக்கு வந்து சிந்து படித்துச் சொன்னாள்: தினமும் அரை மணி நேரம் பச்சை பார்க்க வேண்டும்.

முருகேசன் சிரித்தான். “இதுக்கா இம்புட்டுத் தூரம் போனீங்க? அந்தச் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சு விடட்டுமா?”

“அடிடா. அடிச்சுட்டு நீ உக்காந்து பாரு” என்றேன். பல நாளைக்குப் பிறகு நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். சிந்து சமையல்கட்டில் இருந்து எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

‘நீ’யும் ‘நீங்க’ளும்

அப்படித்தான் ஆற்றோரப் பூங்காவுக்குப் போக ஆரம்பித்தேன். பெரிய பூங்கா ஒன்றும் இல்லை. இரண்டு வாகைமரம், ஒரு நாவல்மரம், நாலு பெஞ்சு, நடக்கிறதுக்கு ஒரு பாதை. வேலிக்கு அப்பால் பஸ் ஹாரன் அடிக்கும். உள்ளே தவிட்டுக் குருவிகள் அதைவிடச் சத்தமாகச் சண்டை போடும்.

முதல் வாரம் பெஞ்சில் உட்கார்ந்து நாவல்மரத்தையே பார்த்தேன். காற்று வந்தால் இலை திரும்பும். திரும்பினால் வேறு பச்சை. என் நெஞ்சுக்குள் கட்டியாக இருந்தது எதுவோ கொஞ்சம் இளகிய மாதிரி இருந்தது. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பு.

கோமதி மாமி அங்கேதான் பழக்கமானார். அக்ரகாரத் தெருவில் இருந்து வருவார். என் வயசுதான். பட்டுப்புடவை மாதிரி பளபளக்கும் நைலக்ஸ் புடவை, காலில் வெள்ளை ஷூ, கையில் அடி எண்ணுகிற கடிகாரம். வீட்டுக்காரர் போய்விட்டார், மகள் வெளிநாட்டில். பெரிய வீட்டில் தனியாக.

முதல் நாள் என்னைப் பார்த்து, “நீ எங்கேருந்து வரே?” என்றார்.

“பக்கத்துலதான். நீ எங்கேருந்து வர்றே?” என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுநாளில் இருந்து இருவரும் ‘நீங்க’ ஆகிவிட்டோம். இன்று வரைக்கும் அப்படியே.

எடுப்பதும் பார்ப்பதும்

மாமியோடு நடக்கும்போதுதான் அது ஆரம்பித்தது. பேசிக்கொண்டே போவோம். வேலிச்செடி சரியாக என் கை உயரத்துக்கு நிற்கும். தேயிலைச் செடியும் அதே உயரம்தான். நுனியில் இரண்டு இலை, நடுவில் ஒரு குருத்து. பளிச்சென்று மஞ்சளாக.

மலையில் வேலை வாங்குகிற கங்காணி ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடியைப் பிரித்துக் கொடுத்தால் அது நம் பொறுப்பு. நுனியை விட்டுவிட்டுப் போனால் முத்திவிடும். முத்தவிட்டவளைக் கங்காணி ஊருக்கே கேட்கிற மாதிரி ஏசுவான். நுனி என்றால் எடுக்க வேண்டியது. நாற்பது வருஷம் என் கைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

இந்த வேலியைப் பார்த்தவுடன் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? ‘அடப்பாவி சுகுமாரா, இத்தனை நுனியை முத்தவிட்டு வைத்திருக்கிறாயே!’ என்றுதான். அவன் சோம்பேறித்தனத்துக்கு நான் உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாமி ஒரு நாள் கவனித்துவிட்டார். “பாக்கியம், என்ன பண்றேள்? கை பாட்டுக்குத் தனியா வேலை பண்றதே!”

“அது அப்படித்தான் மாமி. என்னைக் கேக்காது.”

“என் பேத்தி போன்ல விரலை வெச்சுண்டு தள்ளிண்டே இருப்பா. அதைவிட வேகமா இருக்கே இது!”

நான் மலையைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. மழையும் அட்டையும் முழங்கால் வலியும் தந்த மலை அது. ‘திரும்பப் போகிறாயா’ என்று யாராவது கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் கை வேலை செய்யும்போது மனசு ஓய்வெடுக்கும். அது அப்போதுதான் தெரிந்தது.

மூன்று மாதத்தில் தூக்கம் வந்தது. ருசி வந்தது. ஒரு நாள் நாலு தோசை தின்றேன். துணி துவைக்கிறபோது சிந்து என் புடவை மடிப்பில் இருந்து கைப்பிடி இலையை எடுத்துக் காட்டி, “இது எந்தா அம்மா?” என்றாள். “காத்துல விழுந்திருக்கும்” என்றேன்.

அந்தக் காற்றைத்தான் சுகுமாரன் புழு என்று நினைத்துவிட்டான்.

மருந்து வாடை

இப்போது முதலில் சொன்ன காலைக்கு வருகிறேன்.

அன்று நாங்கள் பாதைப் பக்கமே போக முடியவில்லை. மாமி இருமி இருமிக் கண் சிவந்துவிட்டார். செம்பருத்தியில் ஊசி மாதிரி மூக்கை விட்டுத் தேன் குடிக்கிற சிட்டு ஒன்று தினமும் வரும். அன்று வரவில்லை. அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். மருந்து அடித்த நிரையில் ஒரு வாரம் கை வைக்கக் கூடாது என்று மலையில் சொல்வார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து மாமியிடம் மெதுவாகச் சொன்னேன். “மாமி, அது புழு இல்ல. நான் கிள்ளுனது.”

மாமி இருமலை நிறுத்திவிட்டார். வேலியைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“ஐயையோ. நானும் கூடவேன்னா நடந்தேன்! இவ்வளவுமா?”

“தண்ணிக் குழாய் வரைக்கும்.”

“வாயைத் திறக்காதீங்கோ. கேட்டேளா? அடிக்கறதை அடிச்சுட்டுப் போறான். பார்க் கமிட்டிக்காராளுக்குத் தெரிஞ்சா உங்களை உள்ளேயே விடமாட்டா. அப்புறம் நான் யாரோட நடப்பேன்? இந்தக் கடிகாரத்தோடயா?”

வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள். மூன்றாம் நாள் சுகுமாரன் அடுத்த செய்தியைச் சொன்னான்.

“சனியாழ்ச்ச இன்னும் கூடிய மருந்து அடிக்கும். அதிலும் சரியாகலேன்னா, கமிட்டி செக்ரட்டரி சார் தீர்மானிச்சாச்சு. இந்த வேலி வரி முழுக்கப் பிடுங்கிட்டு மதில் கட்டப் போறாங்க.”

“என்ன கட்டப் போறாங்க?”

“மதில், அம்மச்சி. சுவர்.”

நான் சொல்லிவிட்டால் என்னை வராதே என்பார்கள். எனக்கு மட்டும் மறுபடியும் அந்த ஜன்னல் சுவர். சொல்லாவிட்டால் நடக்கிற அத்தனை பேருக்கும் சுவர். அன்று சோறு இறங்கவில்லை. சிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மறுபடியுமா அம்மா?” என்று கேட்டாள். அவள் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் நான் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை

செக்ரட்டரி சார் ரிட்டயரான ஆபீசர். வெள்ளை முண்டு, கையில் ஒரு பைல். சுகுமாரன் டப்பாவை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தான். நடக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். மாமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் அதை விடுவித்துக்கொண்டு முன்னால் போனேன்.

“சார், மருந்து வேண்டாம். அந்தப் புழு நான்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“அம்மச்சி தமாஷ் பண்ணாதே. மாறித் தள்ளி நில்லு” என்றான் சுகுமாரன்.

சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினேன். எதிர்ப்பக்கத்து மஞ்சள் வேலிக்கு முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் வைத்தேன்.

அவ்வளவுதான். கை பார்த்துக்கொண்டது. டக் டக் டக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. நாலடி நகர்ந்து நான் நிமிர்ந்தபோது நாலடி மஞ்சள் பச்சையாகியிருந்தது. மடி நிறைய நுனி. ஒன்றில்கூட முத்தல் இல்லை, காம்பு இல்லை.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“என்டம்மோ!” என்றான் சுகுமாரன்.

செக்ரட்டரி சாருக்கு முகம் சிவந்துவிட்டது. “அம்மே, இது பொது ஸ்தலம். இந்த மஞ்சள் இலைக்காகத்தான் இந்தச் செடியை வெச்சிருக்கு. அது பார்க்கறதுக்கு உள்ளது, பறிக்கறதுக்கு இல்ல!”

எடுக்க வேண்டியது என்று நான் நினைத்தது, பார்க்க வேண்டியதாம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

“தெரியாமப் பண்ணிட்டேன் சார். எங்க மலையில நுனியை விட்டாத்தான் தப்பு. இங்க எடுத்தாத் தப்புன்னு யாரும் சொல்லல” என்றேன். “ஆனா செடி சாகல. அடியைப் பாருங்க.”

“நாளையில இருந்து நீங்க...” என்று அவர் ஆரம்பித்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றான் சுகுமாரன். அவன் குத்துக்காலிட்டு, நான் கிள்ளிய வேலியின் அடியை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். “இது நோக்கிக்கே. கிள்ளின இடத்துல ஒரு குச்சி ரெண்டாயிருக்கு, ரெண்டு நாலாயிருக்கு. உள்ளே கை போகமாட்டேங்குது. அந்தப் பக்கம் பாருங்க, அடியெல்லாம் ஓட்டை. பட்டி கேறி வருது.” பட்டி என்றால் நாய். மஞ்சள் வேலியின் அடியில் இருந்த ஓட்டைகள் வழியாகத்தான் தெருநாய்கள் போய் வந்துகொண்டிருந்தன. அடைக்கச் சொல்லி அவனிடம் செக்ரட்டரி சாரே பல தடவை கோபித்திருக்கிறாராம்.

“ஒரு மாசம் கையே வைக்காம விடுங்க” என்றேன். “எல்லா நுனியும் ஒண்ணா, ஒரே மட்டத்துல வரும். இதைவிட ரெண்டு மடங்கு மஞ்சள் வரும். வரலேன்னா நானே இனி வரல.”

செக்ரட்டரி சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒரு மாசம். ஒரு இலை தொடக் கூடாது” என்றார்.

இரண்டு குடை

அந்த ஒரு மாதம் இருக்கிறதே! செடிக்கு ஒன்றும் கஷ்டமில்லை. கைக்குத்தான். வேலியைக் கண்டால் விரல் துடிக்கும். மாமிதான் வழி கண்டுபிடித்தார். ஒரு கையில் தன் குடையையும் இன்னொரு கையில் அவர் வீட்டுக்காரரின் பழைய குடையையும் கொடுத்து என்னை நடக்கவிட்டார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இரண்டு கையிலும் மடக்கிய குடையோடு நான் நடந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பரவாயில்லை.

மழை இரண்டு தடவை பெய்தது. மூன்றாம் வாரம் நுனி எட்டிப் பார்த்தது. நாலாம் வாரம் ஒரு காலையில் வாசலுக்குள் நுழைந்த மாமி, “பாக்கியம்!” என்று கத்திவிட்டு என் கையில் இருந்த குடையைத் தட்டிவிட்டார்.

பாய் விரித்த மாதிரி மஞ்சள். மேடு பள்ளம் இல்லை. இடைவெளி இல்லை. தேன்சிட்டு அதன் மேல் உட்கார்ந்து வாலை ஆட்டியது. எதிர்ப்பக்கத்து வேலி அதற்கு முன்னால் தலை வாராதவள் மாதிரி நின்றது.

செக்ரட்டரி சார் வந்து பார்த்தார். போகும்போது சுகுமாரனிடம், “அந்தப் பக்கமும் அவங்ககிட்டக் கேட்டுச் செய்” என்றார். போதும் எனக்கு.

இப்போது மாதத்தில் ஒரு காலை கிள்ளு நாள். அதற்கு மறுநாளில் இருந்து யாரும் தொடக்கூடாது, நான் உட்பட. கிள்ளு நாளில் நடக்க வருகிற பெண்கள் எட்டுப் பத்துப் பேர் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பேன். மாமிக்கு முதல் நிரை. வாயை மூடாமல் பேசுவார்கள், சிரிப்பார்கள். வீட்டில் யாரோடும் பேசாத ஒரு டீச்சர்கூட அங்கே பாடுவாள்.

“மாமி, முத்தலை விட்டுட்டுப் போறீங்க!”

“கங்காணி மாதிரி ஏசாதீங்கோ! மெதுவாத்தான் வரும்.”

நாற்பது வருஷம் கங்காணியிடம் ஏச்சு வாங்கியவள் நான். ஏசுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் அந்த மனுஷனை அன்றே மன்னித்திருப்பேன்.

போன வாரம் டாக்டரிடம் போனேன். தனியாக, பஸ்ஸில். மாத்திரை விஷயமாக ஏதேதோ கேட்டுவிட்டு, “கை காட்டுங்க” என்றாள். அவள் மறக்கவில்லை பாருங்கள்.

காட்டினேன். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு. தேயிலைக் கறை அளவுக்குக் கருப்பில்லை. பச்சை கலந்த பழுப்பு. டாக்டர் அந்த விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சோப்புப் போட்டுக் கழுவக் கூடாதா அம்மா?” என்று சிரித்தாள்.

“கழுவுறேன். போகல” என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. கண்டக்டர்கூட, “அம்மே, இருந்தோ” என்றார். நான் உட்காரவில்லை. கரமனை வரும் வரைக்கும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தேன். என் கை எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான்.